மேட்டைச் சரி பண்ணாமல் களையைக் குறை சொல்லாதீங்க!

மூன்று வருசத்துக்கு முன்னால், ஐப்பசி மாசம். எங்க வயலில் களை எடுக்க வந்த அக்கா ஒருத்தர் நிமிர்ந்து நின்று கேட்டார்: "ஏன் தம்பி, வருசா வருசம் இதே மூலையில்தான் குனிஞ்சு கிடக்கோம். மத்த இடத்துல களையே இல்ல. மேட்டைச் சரி பண்ணாம எங்களைக் கூப்பிட்டு என்ன பண்றது?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பத்து வருசமாக இயற்கை வழியில் நெல் போடுகிறேன். அமுதக்கரைசல், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் என் கையாலேயே தயார் பண்ணுகிறேன். விதையும் என்னுடையது. களைக்கொல்லி வாசமே வயலுக்கு வந்ததில்லை. ஆனால் அந்தக் களைக்கொல்லி செய்ய வேண்டிய வேலையை நான் ஐந்தாறு பெண்களின் முதுகில் ஏற்றியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வரப்பில் நின்று பார்த்தேன். ஒரு ஏக்கர் வயலில் வடகிழக்கு மூலையில் பத்து சென்ட் மேடு. அங்கே தண்ணி ஏறாது. ஏறாத இடத்தில் குதிரைவாலிப் புல்லும் கோரையும் பயிரை விட உயரமாக நிற்குது. மற்ற 90 சென்டில் கோனோவீடர் இரண்டு தடவை ஓட்டியதோடு சரி.

சமமான நிலம்தான் நம்ம களைக்கொல்லி

குதிரைவாலிப் புல் மாதிரியான களைகளின் விதை தண்ணிக்கு அடியில் முளைக்கத் திணறும். இரண்டு, மூன்று செ.மீ. தண்ணி வயல் முழுக்க ஒரே சீராக நின்றாலே பெரும்பாலான புல் வகை அடங்கிவிடும். கோரையில் சிலது தண்ணியையும் தாங்கும்; அதைக் கோனோவீடர் பார்த்துக்கொள்ளும். ரசாயன விவசாயி மேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, மருந்து அடித்துவிடுவார். நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால் நிலச் சமன் என்பது மற்றவர்களை விட நமக்குத்தான் முக்கியம். ஆனால் நம்ம கூட்டங்களில் கரைசல் பற்றிப் பேசுகிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிலத்தைச் சமன் செய்வது பற்றிப் பேசுவதில்லை.

தண்ணிக் கணக்கையும் போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணி நிற்க ஏறக்குறைய 40,000 லிட்டர் வேணும். மேடு ஆறு செ.மீ. உயரம் என்று வையுங்க. அந்த மேட்டை நனைக்க மட்டும் மற்ற இடமெல்லாம் ஆறு செ.மீ. அதிகமாக நிரப்ப வேணும். கிட்டத்தட்ட 2,40,000 லிட்டர்! 5,000 லிட்டர் டேங்கர் லாரியில் 48 லோடு. கடைமடையில் இருக்கிற எங்களுக்கு ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் தண்ணி வந்து சேர்கிற நாள் எங்களுக்கே தெரியாது. அந்தத் தண்ணியில் மேட்டுக்கு இவ்வளவு தண்டம் கட்டுகிறோம்.

ஒற்றை நாற்று நடவு செய்கிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 14 நாள் நாற்று பள்ளத்தில் மூழ்கிச் செத்துப்போகும், மேட்டில் காய்ந்துபோகும். "ஒற்றை நாற்று எங்க மண்ணுக்கு ஒத்து வரல" என்று கைவிட்டவர்கள் பலருடைய வயலைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒத்து வராதது முறை இல்லைங்க, மட்டம்.

லேசர் மட்டத்துக்கு நான் ஏன் போகவில்லை

முதலில் எனக்கும் லேசர் லெவலரைத்தான் சொன்னார்கள். அது நல்ல கருவி, இல்லை என்று சொல்லவில்லை. பெரிய பாத்தியாக, ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் ஒரே சதுரமாக இருப்பவர்களுக்கு நேரம் மிச்சம். ஆனால் எங்க ஊரில் வயல் என்றால் முப்பது சென்ட், அறுபது சென்ட், அதிகம் போனால் ஒரு ஏக்கர். பெரிய டிராக்டர் திரும்பவே இடம் இல்லை.

அதை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பத்து வருசமாக எருவும் பசுந்தாளும் போட்டு நான் உயிராக்கிய மண் மேலே இருக்கிற நாலு அங்குலம், ஐந்து அங்குலம்தான். ஒரே நாளில் மேட்டை வழித்தால் அந்த உயிர்மண் முழுக்கப் பள்ளத்துக்குப் போய்விடும். மேடு இருந்த இடத்தில் வெறும் அடிமண் வாய் பிளந்து கிடக்கும். ரசாயன விவசாயி அங்கே யூரியாவை அள்ளிப் போட்டுச் சமாளிப்பார். நான் என்ன செய்வேன்? களை போய் பயிரும் போன கதைதான்.

அதனால் முடிவு பண்ணினேன். மேட்டை ஒரே கோடையில் அல்ல, மூன்று கோடையில் எடுக்க வேணும். மூன்று வருசம் வாடகைக்கு ஆள் கூப்பிட முடியாது. கருவி நம்மிடம் இருக்க வேணும். நம்ம சின்ன டிராக்டருக்குப் பொருந்த வேணும்.

பரம்புக்கு இரண்டு கன்னம்

எங்க அப்பா காலத்தில் பரம்பு இருந்தது. பனஞ்சட்டம், இரண்டு பக்கமும் சங்கிலி, முன்னால் ஒரு சோடி மாடு, மேலே ஒரு ஆள் நிற்பார். சேற்றில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் காய்ந்த மண்ணை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போகாது. பத்தடி போவதற்குள் மண் இரண்டு பக்கமும் ஒழுகிவிடும்.

பனி கொட்டுகிற நாடுகளில், கனடா, அமெரிக்கா வடபகுதி மாதிரி இடங்களில், சின்ன டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் பாதையில் கிடக்கிற பனியைத் தள்ள ஒரு பெட்டியைத் தாங்களே வெல்டிங் செய்துகொள்கிறார்கள். விசயம் ரொம்ப எளிது. பின்னால் ஒரு தகடு, இரண்டு பக்கமும் கன்னம் மாதிரி இரண்டு தகடு, அடியில் தேய்ந்தால் கழற்றி மாற்றுகிற விளிம்பு, தரையில் குத்தாமல் வழுக்கிப் போக இரண்டு சறுக்குச் சட்டம். கன்னம் இருப்பதால் பனி பக்கவாட்டில் ஒழுகாது, மொத்தமும் கூடவே வரும். சிலர் விளிம்புக்குப் பழைய டயர் ரப்பரைக்கூட வைக்கிறார்கள். இதை ஒரு படத்தில் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது: நம்ம பரம்புக்கு இல்லாதது இந்தக் கன்னம்தானே!

படத்தை எடுத்துக்கொண்டு எங்க ஊர் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறை பாய் தலையைச் சொறிந்துகொண்டே பார்த்தார். "அண்ணே, அவங்க முன்னாடி வச்சுத் தள்றாங்க. உங்க வண்டிக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாது. பின்னாடி வச்சு இழுத்துட்டுப் போவோம்" என்றார். அதுதான் சரி.

அளவு இதுதான். பின் தகடு ஐந்து அடி அகலம், ஒரு அடி உயரம், 6 மி.மீ. கனம். என் வண்டியின் சக்கரத் தடத்தை விட இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலம். உங்க வண்டிக்கு அளந்து போடுங்க. கன்னத் தகடு ஒன்றரை அடி நீளம். விளிம்பு 12 மி.மீ. பட்டை, போல்ட் போட்டது. ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். கன்னத்தின் அடியில் சறுக்குச் சட்டம், நாலு ஓட்டை வைத்து ஏற்றி இறக்குகிற மாதிரி. மேலே ஆங்கிளில் ஒரு முக்கோணம், அதில் டாப் லிங்க் மாட்ட ஒரு ஓட்டை, கீழே இரண்டு பின்.

இந்த மூன்று புள்ளி இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் உருவாக்கி, 1939-ல் ஃபோர்டு டிராக்டரோடு பரவலாக வந்த அமைப்பு இது. இன்றைக்கு எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இதே மூன்று புள்ளிதான். சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் கீழே 22 மி.மீ., மேலே 19 மி.மீ. பின். இரண்டு கைக்கும் இடையே உள்ள தூரம் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும், அதை டேப்பில் அளந்துகொள்ளுங்க. நம்ம ஊர்ப் பட்டறையில் செய்த பெட்டி எந்த வண்டியிலும் ஏறும் என்றால் இந்த மூன்று பின்னால்தான்.

பழைய இரும்புக் கடையில் எடுத்த இரும்பு 80 கிலோ. விளிம்பு, பின், போல்ட் புதுசு. வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 9,000 ரூபாய் ஆனது. கடையில் இதே மாதிரி ஒன்றுக்குக் கேட்ட விலை இதைப் போல மூன்று மடங்கு.

நான் செய்த இரண்டு தப்பு

முதல் தப்பு, கனம். "கனமா இருந்தா நல்லாக் கடிக்கும்" என்று நான்தான் அடம் பிடித்து 10 மி.மீ. தகட்டில் போடச் சொன்னேன். 130 கிலோவைத் தாண்டிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினேன், முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பியது. உயிர் போய் வந்தது. மறுநாளே பட்டறைக்கு எடுத்துப் போய் மாற்றினேன். சின்ன டிராக்டருக்கு முன்பக்கம் எடை கம்மி. பின்னால் மாட்டுகிற எதுவும் அளவோடு இருக்க வேணும். தேவைப்பட்டால் முன்னால் எடைக்கட்டி வையுங்க.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்குச் சங்கிலியை டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கட்டி எதையும் இழுக்காதீங்க. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் வண்டி அப்படியே பின்பக்கம் கவிழும். இழுவை எப்போதும் பின் அச்சுக்குக் கீழேதான் இருக்க வேணும்.

இரண்டாவது தப்பைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு. எடையைக் குறைத்த பிறகு பெட்டி சரியாகக் கடிக்கவில்லை. அப்பா காலத்து ஞாபகத்தில் தம்பி மகனைப் பார்த்து, "ஏறி நில்லுடா" என்றேன். பன்னிரண்டு வயசுப் பையன். சந்தோசமாக ஏறி நின்றான். இரண்டாவது சுற்றில் ஒரு கட்டி தட்டி, பையன் பெட்டிக்குள்ளேயே விழுந்தான். அவன் சத்தம் இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வரப்பில் இருந்த அப்பா துண்டை வீசிக் கத்தியதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். காலில் சிராய்ப்போடு போனது எங்க குலசாமி புண்ணியம்.

அன்றைக்கு அப்பா திட்டவில்லை. "மாடுன்னா ஆள் விழுந்தா அதுவே நிக்கும்டா" என்று மட்டும் சொன்னார்.

பரம்பு மேல் ஆள் நிற்பது மாட்டோடு போன பழக்கம். டிராக்டருக்கு அது ஆகாது. எடை வேணும் என்றால் மணல் மூட்டையைக் கட்டுங்க. நான் இப்போது பெட்டி மேலேயே இரண்டு மூட்டை வைக்க ஒரு தட்டு வெல்டிங் பண்ணிவிட்டேன். ஆள் கால் வைக்க இடமே இல்லாத மாதிரி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைப்பீங்க என்றால் இதை வைத்துக்கொள்ளுங்க.

மூன்று கோடை, நாற்பது நடை

மட்டம் பார்க்க லேசர் எல்லாம் வேண்டாம், தண்ணிதான் நம்ம லேசர். சேற்றுழவு முடிந்து தண்ணி கட்டும்போது எந்த இடம் தீவு மாதிரி வெளியே தெரியுதோ அங்கே குச்சி நட்டு வையுங்க. கோடையில் கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டத்தை வைத்து உயரத்தைச் சரிபாருங்க.

எங்க பத்து சென்ட் மேடு உச்சியில் ஆறு செ.மீ., சராசரியாக மூன்று செ.மீ. மொத்த மண் 12 கன மீட்டர், அதாவது நாலு யூனிட்டுக்குச் சற்று மேலே. பெட்டி ஒரு நடைக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு கன மீட்டர் இழுக்கும். மூன்று கோடைக்குப் பிரித்தால் கோடைக்கு நாற்பது நடை, அரை நாள் வேலை. கோடை மழைக்குப் பிறகு மேட்டை மட்டும் மேலாகக் கலப்பை ஓட்டி, கட்டி உடைந்து புழுதிப் பதம் வந்ததும் இழுக்க வேணும். ஈரத்தில் இழுத்தால் களிமண் பெட்டியில் அப்பிக்கொள்ளும், நிலமும் இறுகும். டாப் லிங்க்கை ஒரு சுற்று கூட்டினாலும் குறைத்தாலும் கடி மாறும். இரண்டு நடை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்க.

வழித்த இடத்தைச் சும்மா விடக்கூடாது. அந்தப் பத்து சென்டுக்கு மட்டும் மற்ற இடத்தைப் போல இரண்டு மடங்கு எரு, தக்கைப்பூண்டு அடர்த்தியாக விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழவு. அடுத்த கோடைக்குள் அந்த மண் திரும்ப உயிர் பிடித்துவிடும். அதுக்கப்புறம்தான் அடுத்த வழிப்பு. இந்தப் பொறுமைக்கு வாடகை வண்டியில் இடம் இல்லை. மணி கணக்கில் காசு கொடுக்கிறவன் ஒரே நாளில் முடிக்கத்தான் பார்ப்பான்.

இரும்பும் ஒரு இடுபொருள்தான்

"டிராக்டர் சாணி போடுமா?" என்று நம் கூட்டங்களில் கேட்பது வழக்கம். கேள்வி நியாயம். மாடு வைத்து உழ முடிகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் உழவு மாடு இன்றைக்கு எத்தனை ஊரில் இருக்கு? வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் மாட்டுவதை யார் தீர்மானிப்பது என்பதுதான் இப்போது கேள்வி.

வெளி இடுபொருள் வேண்டாம் என்கிறோம். உரக்கடைப் படி ஏறுவதை நிறுத்திவிட்டோம். ஆனால் கருவி என்றதும் ஷோரூம் வாசலில் போய் நிற்கிறோம். மானியமும் அப்படித்தான் அமைந்திருக்கு. சோதனைச் சான்று பெற்ற, பட்டியலில் உள்ள மாடலுக்குத்தான் கிடைக்கும். பாய் பட்டறையில் செய்ததுக்கு ஒரு பைசா கிடையாது. மானியத்துக்காக நமக்குத் தேவையில்லாத பெரிய கருவியை வாங்கி, கடன் கட்டி, அது கொட்டகையில் துருப்பிடிப்பதை நானே நாலு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

குஜராத் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி, மாடு வாங்க வழியில்லாத உழவர்களுக்காகப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்பாதியைக் கழற்றிக் கலப்பை மாட்டினார். பிரான்சில் 'அத்லியே பேய்சான்' என்ற கூட்டுறவு அமைப்பு, இயற்கை விவசாயிகள் தாங்களே வெல்டிங் கற்று கருவி செய்யப் பயிற்சி கொடுக்குது. வரைபடத்தை எல்லாம் யாரும் எடுத்துக்கொள்ள வெளிப்படையாக வைத்திருக்குது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், உழவர் தன் கருவியைத் தானே பழுது பார்ப்பதை உரிமையாக்கி 2023-ல் சட்டமே போட்டது. தன் டிராக்டரைத் தானே திறந்து பார்க்கச் சட்டம் கேட்டுப் போராட வேண்டிய நிலைமைக்கு அந்த உழவர்கள் வந்துவிட்டார்கள். நம்ம ஊரில் இன்னும் பாய் பட்டறை இருக்கு. அது மூடுகிற வரைக்கும் நாம் காத்திருக்கக் கூடாது.

"நாமே செய்தால் பாதுகாப்பு இருக்குமா?" என்று கேட்பீங்க. மேலே சொன்ன இரண்டு தப்பும் நான் செய்ததுதான், மறைக்கவில்லை. தனியாகச் செய்ததால்தான் தப்பு நடந்தது. கனம் பற்றி, சங்கிலி பற்றி, ஆள் ஏறுவது பற்றி ஏற்கெனவே அடிபட்ட ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தால் பையன் விழுந்திருக்க மாட்டான். விதையை எப்படிப் பகிர்கிறோமோ அப்படிக் கருவி அளவையும், அதோடு அடிபட்ட கதையையும் சேர்த்துப் பகிர வேணும்.

அதனால் நம் இயக்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். விதைத் திருவிழா நடத்துகிறோம். அதே பந்தலில் ஒரு ஓரம் கருவிக்கு ஒதுக்குங்க. உழவர் தானே செய்த கருவி மட்டும் வரட்டும். செய்த பட்டறைக்காரரையும் மேடையில் உட்கார வையுங்க. அளவு, செலவு, என்ன தப்பு நடந்தது என்ற மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி மாட்டச் சொல்லுங்க. இதழிலும் மாசம் ஒரு பக்கம் அதுக்குக் கொடுங்க. முதல் பக்கத்துக்கு என் பெட்டியின் படமும் அளவும் தயார்.

மூன்றாவது கோடையும் முடிந்தது. போன ஐப்பசியில் அதே அக்காவைக் களை எடுக்கக் கூப்பிட்டேன். வந்து வரப்பில் நின்று பார்த்தார். இரண்டு பேர் அரை நாள் செய்தால் போதும் என்றார். "எங்க கூலி குறைஞ்சு போச்சே தம்பி" என்று சிரித்தார். சிரித்தாலும் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். மிச்சமான கூலியில் ஒரு பங்கை நடவுக்கு ஏற்றிக் கொடுத்தேன். வரிசை பிடித்து ஒற்றை நாற்றாக நடுவது நிதானமான வேலை, அதுக்குக் கூலி எப்போதும் குறைவாகத்தான் கொடுத்து வந்திருக்கோம்.

இந்தச் சம்பாவில் தண்ணி கட்டும்போது உங்க வயலிலும் தீவு தெரியும். குச்சி நட்டு வையுங்க. கோடையில் பட்டறைக்குப் போங்க.